கீழ்க்கடைக் குழாய்கள் அதிரவில்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடது கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அது பாட்டுக்கு இருக்கு" என்பாய். அதனால் உன் மகளிடமே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நன்றாக மடங்குகின்றன, மற்ற இரண்டும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையைப் பதம் பார்த்த அந்த லேத் பட்டறைக்கு இனிமேல் போகவே கூடாது என்று அவள் உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னாளாம். நல்ல பிள்ளை. அத்தையின் முத்தம் என்று சொல்.

ஆனால் நீ அனுப்பிய செய்திதான் எனக்குப் பிடிக்கவில்லை. "என் பேஸ் கிட்டாரை வித்துடு, எனக்குப் பதிலா வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று இரண்டே வரி. அன்று எனக்கு வந்த கோபத்தில் டிரம்ஸ் தோல் ஒன்று கிழிந்தது. உன் கிட்டார் என் பீரோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

குழுவில் புதிதாக ஒரு கீபோர்டுக்காரர் சேர்ந்திருக்கிறார். தங்கமான மனுஷர், கேள்விதான் அதிகம். "ஒரு குழுவுக்கு எதுக்குங்க ரெண்டு பேஸ்? சத்தம் குழம்பாதா?" என்று கேட்டார். என் கல்யாணத்தோடு உன் குழுவும் என் வீட்டுக்காரர் குழுவும் ஒன்றான கதையைச் சொன்னேன். "நீங்க சாதா கிட்டாருக்கு மாறுங்களேன்" என்று மச்சானும் மாப்பிள்ளையும் மாறி மாறி உபசரித்துக்கொண்டீர்களே தவிர, கடைசிவரை இரண்டு பேரும் மாறவில்லையே! இவர் அடியில் நிதானமாக, நீளமாக வாசிப்பார். நீ அதற்கு மேலே ஓடி விளையாடுவாய். கைதட்டல் எல்லாம் உனக்குத்தான். நடுவில் டிரம்ஸ் அடிக்கும் எனக்கு ஒரு காதில் அண்ணன், மறு காதில் புருஷன். சத்தம் ஒருநாளும் குழம்பியதில்லை, நான்தான் சில நேரம் குழம்பியிருக்கிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்ட கையோடு நீ மகள் ஊருக்குப் போன பிறகு இவர் தன் பாகத்தை அப்படியே போட்டுவிட்டு உன் பாகத்தை வாசிக்க ஆரம்பித்தார். உன்னுடைய அந்த வேகமான ஓட்டமெல்லாம்! இவர் விரலைப் பற்றி உனக்குத் தெரியாதா? பாதி வழியில் தடுக்கி விழுவார், முணுமுணுப்பார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அடியில் வாசிக்க ஆளே இல்லாமல் பாட்டெல்லாம் கால் உடைந்த மேசை மாதிரி ஆடியது. அந்தப் பாகத்தைத் தன் இடது கையாலேயே சமாளித்துவிடலாம் என்றார் கீபோர்டுக்காரர். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டார். நம் ஒத்திகை மாடிக்குக் கீழே குழாய்க் கடை வைத்திருக்கிறாரே, "உங்க சத்தத்துல என் குழாயெல்லாம் அதிருது" என்று ஓயாமல் சண்டைக்கு வருவாரே, அவரே மாடியேறி வந்து, "ஏன் இப்பல்லாம் ஒண்ணுமே அதிர மாட்டேங்குது? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷக் கைதட்டலுக்கு ஏங்கி, இடம் காலியானதும் இவர் போய் உட்கார்ந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பொறுக்க முடியாமல், "எங்க அண்ணன் இடத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேவிட்டேன். இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "என் பாகத்துக்கு ரெண்டு விரல் போதும். நான் வாசிச்சுப் பாத்துட்டேன். அதான் மச்சானுக்கு விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் இடது கையில் கடைசி இரண்டு விரல்களையும் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிந்தார். சுளுக்கு என்று நினைத்து நான் தைலம் வேறு தேய்த்துவிட்டேன். உன் கை மாதிரியே கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வாசித்துப் பார்த்திருக்கிறார் மனுஷர்! அப்புறம் தண்ணீர் கேட்டார். நான் எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

நீங்களே எழுதுங்கள் என்றேன். "மச்சானுக்கு நான் என்னத்த எழுதுறது? வந்தா வாசிக்கப் போறாரு" என்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன். மேலே ஓடி விளையாடிய உனக்கு அடியில் நிற்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அது இல்லாமல் இத்தனை நாள் டிரம்ஸ் அடித்தவள் சொல்கிறேன், நம்பு. என் கை எங்கே போய் விழுவது என்று தெரியாமல் தவிக்கிறது, அண்ணா. இவர் உன் பாகத்தைக் கொலை செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்று திட்டவும் நீ வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. டாக்டர் சரி என்றதும் மகளிடம் சொல்லிக்கொண்டு புறப்படு. நீ வரப்போகிறாய் என்று கீழ்க்கடைக்காரரிடம் நானாகவே சொல்லிவிட்டேன். இப்போதே குழாய்களை இறுக்கிக் கட்டத் தொடங்கிவிட்டார்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை