நாச்சி இன்னும் நடுரோட்டில்தான் நிற்கிறாள்

என் அன்புத் தங்கச்சி வசந்தாவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை இதற்குள் ஐந்து முறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். முதல் பத்தியிலேயே ஒரு சொல் சரியில்லை என்று தோன்றும். மாற்றுவேன். மாற்றியதும் சரியில்லை என்று தோன்றும். எழுபத்தாறு வயதில் இந்தப் பழக்கம் போகாது. ஆனால் உனக்கு நான் செய்த காரியத்தை நாலு பேர் அறியச் சொல்லாமலே போய்விடுவேனோ என்ற பயம் இப்போது அதைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

டி.வி.யில் வந்த நம் கார்ட்டூன், நண்டு நாச்சி. கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்த பெண் நண்டு. அன்னவாசல் பக்கம் ஒரு மலைக்குகையில் வற்றாத தாமரைக் குளம் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு அதைப் பார்க்கக் கிளம்புகிறாள். வழி கேட்டால் ஆட்கள் ஒழுங்காகத்தான் சொல்வார்கள், "இங்கிட்டுப் போயி அங்கிட்டுத் திரும்பு" என்று. நாச்சியும் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொள்வாள். ஆனால் நண்டு பக்கவாட்டில்தானே நடக்கும்? ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஏதாவது வேறு ஊரில் போய் நிற்பாள். சென்னையில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நீ வரைந்தாய். இலுப்பூரில் உட்கார்ந்து நான் வசனம் எழுதினேன்.

இருபத்தாறு வாரம் என்று பேச்சு. பதினேழுதான் வந்தது. பதினேழாவதில் நாச்சி நம் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ரோட்டின் நடுவில் போட்ட வெள்ளைக் கோட்டில் நிற்கிறாள். அந்தப் பக்கம் ஒரு பஸ், இந்தப் பக்கம் ஒரு பஸ். ஹாரன் சத்தம். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில், யாரோ குரல் மாற்றிக் கொடுத்த வெளிநாட்டு இரும்பு மனிதன் ஒருவன் இன்னொரு இரும்பு மனிதனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

"பொம்மப் படந்தானே, நின்னா என்ன?" என்றார்கள் நம் சொந்தக்காரர்கள். பெரியவர்கள் பார்க்கும் தொடர் நின்றால் ஊரே கேட்கும். கார்ட்டூன் நின்றால் கேட்க வேண்டியவர்களுக்கு எட்டு வயது. டி.வி. முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகு எழுந்து வெளியே போய்விடுவார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட எல்லா கார்ட்டூன்களும் இப்படி ஓசையில்லாமல்தான் செத்திருக்கும். நாச்சியைக் கொன்றதில் மட்டும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

உன் ஸ்டுடியோ வீடு மாறிக்கொண்டே இருந்ததால், கடிதம் போட வேண்டிய முகவரியாக என் வீட்டைத்தான் காட்டினோம். இருநூற்றுப் பதினொரு கடிதங்கள் வந்தன. நோட்டில் கிழித்த தாள், காலண்டர் தாளின் பின்பக்கம், எண்ணெய்க் கறை, அழிந்துபோன பென்சில். நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லை என்று டி.வி.க்காரர்கள் சொல்ல ஆரம்பித்ததும் நீ போன் செய்தாய்.

"அண்ணே, புள்ளைக லெட்டரு எல்லாத்தையும் அப்படியே கட்டி அனுப்புங்க. மூட்டையாக் கொண்டுபோயி அவுக மேசையில கொட்டுறேன்."

'அப்படியே' என்றாய். நன்றாகக் காதில் விழுந்தது.

ஆனால் முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த வேலை என்ன? பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுவது. வந்த பத்திரத்தைத் தெளிவான கையெழுத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு அசலை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். அசலை நாம் வைத்துக்கொள்வது குற்றம் என்று கை பழகிவிட்டது. அந்தக் கறைத்தாள்களை ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் முன் வைக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. இருநூற்றுப் பதினொன்றையும் வெள்ளைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அசல்களின் பின்னால் சிவப்பு மையில் எண் போட்டு, 'அசல் திருப்பப்பட்டது' என்று எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிலோடு தபாலில் அனுப்பிவிட்டேன்.

நகல்களின் அடியில் 'உண்மை நகல்' என்றாவது போட்டேனா? அதுவும் இல்லை. அப்படிக் கையெழுத்திடும் அதிகாரம் பதிவாளருக்குத்தான், எழுதியவனுக்குக் கிடையாது. யாரும் கேட்காத இடத்தில் அந்த விதியைக் காப்பாற்றினேன்.

நான் அனுப்பிய நகல் கட்டை நீ பிரித்துப் பார்க்காமல் நம்பி எடுத்துக்கொண்டு போனாய். அவர்கள் மேசையில் கொட்டினாய். கோட்டைப்பட்டினம், அறந்தாங்கி, திருமயம், கீரனூர் என்று ஊர்கள் வேறு வேறு. கையெழுத்து ஒன்று.

போனை ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரியின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "சார், இந்த லெட்டர்ஸ் எல்லாம் உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. எழுத்து என்னுதுதாங்க."

சிரித்தார்கள். நாலைந்து பேர் இருக்கும். நீ மட்டும், "அண்ணே, முழுசாச் சொல்லுங்கண்ணே" என்றாய். எனக்கு நாக்கு எழவில்லை. பெரிய மனிதர்கள் சிரித்தால் நான் ஏதோ தப்புச் செய்திருப்பேன் என்றுதான் முதலில் தோன்றும். அப்போதும் அப்படியே தோன்றியது. லைன் துண்டிக்கப்பட்டது. நான் திரும்பக் கூப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து நீ இலுப்பூர் வந்தாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நகல்னு ஒரு வார்த்த. மூணே எழுத்துண்ணே. அதச் சொல்லுறதுக்கு என்னண்ணே?" என்றாய். பிறகு, அசல் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதித் திரும்ப வாங்கச் சொன்னாய். சரி என்றேன். அஞ்சலட்டைகளும் வாங்கினேன். குழந்தைகளுக்குத் தொந்தரவில்லாமல் எப்படி எழுதுவது என்று வாசகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தேன். திருத்தி முடிப்பதற்குள் உன் தொடர் முடிந்துவிட்டது. அந்த அஞ்சலட்டைகள் இன்னும் என் பீரோவில் வெள்ளையாக இருக்கின்றன.

அதன் பிறகு உன்னை யார் நம்பினார்கள்? 'பொய்க் கடிதம் கொண்டுவந்த அம்மா' என்று அந்த வட்டாரத்தில் பேர் ஆகிவிட்டது. பற்பசை விளம்பரத்துக்குப் பல்லில் ஓடும் பூச்சி வரைந்தாய். கடைசி வரை பூச்சிதான் வரைந்தாய். உன் சாவுக்கு வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல தெறமைக்காரப் புள்ள, அதிர்ஷ்டம் இல்ல" என்றார். அதிர்ஷ்டம் பாவம், அது என்ன செய்யும்? நான் தலையாட்டினேன்.

இப்போது செய்தி சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தது. பேர் ரஹ்மத். கோட்டைப்பட்டினம். மணமேல்குடியில் நர்ஸாக இருக்கிறது. போனில் ஒரு பட்டியலைக் காட்டியது: 'பாதியிலேயே நிறுத்தப்பட்ட கார்ட்டூன்கள்'. உலகத்துப் பெயர்களுக்கு நடுவே ஏழாவதாக நாச்சி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதற்குக் கீழே எவனோ ஒருவன், 'அவங்களே லெட்டர் எழுதிப் போட்டு மாட்டிக்கிட்டாங்க' என்று எழுதியிருந்தான். நூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

"நானும் லெட்டர் போட்டேன்னு எழுதுனேன் சார். ஆதாரம் இருக்கான்னு கேக்குறாக. அதான் வீட்டையே கவுத்துப்போட்டுத் தேடுனேன்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தது. 'நாச்சி எங்க ஊருக்கு திரும்பி வருமா' என்று பென்சிலில் ஒரே ஒரு வரி. பின்னால் சிவப்பு மையில் எண் நாற்பத்து மூன்று. என் எழுத்து. வசந்தா, நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"சார், கேக்கணும்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது ரோட்டத் தாண்டுச்சா?"

பீரோவைத் திறந்து, நீ விட்டுப்போன படக்கட்டை எடுத்தேன். வராமல்போன ஒன்பது வாரத்துக்கும் நீ பென்சிலில் போட்ட படங்கள். ரஹ்மத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தது. நாச்சி தாண்டுகிறாள், இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த சந்து பக்கவாட்டில் நடக்கிறவளுக்குத்தான் போதும். கடைசியில் குகைக்குள் நிமிர்ந்து பார்க்கிறாள். குளம் கூரையில் இருக்கிறது. தண்ணீர் இல்லை. வெறும் படம். அழப்போகிறாள் என்று நினைக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள். "இம்புட்டுத் தூரம் வந்தது ஒரு படத்தப் பாக்கவா? சரி விடு, நல்லாத்தேன் வரஞ்சிருக்காக."

அந்த வசனம் நான் எழுதியது இல்லை. ஓரத்தில் நீயே உன் கோணல் எழுத்தில் எழுதியது. உன் வேலையைப் பற்றி ஒருவராவது அப்படிச் சொன்னார்களா? நானாவது சொன்னேனா?

"இத அப்படியே போட்டோ எடுத்துப் போட்டுருவோம் சார், என் லெட்டரையும் சேத்து."

"கோடெல்லாம் மங்கியிருக்குதும்மா. டீக்கறை வேற. ஒரு மாசம் குடு, நான் மை போட்டு நல்ல தாள்ல..."

"சார்! திரும்ப ஆரம்பிக்காதீங்க சார்!"

கண்ணில் தண்ணீரோடு சிரித்தது அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தாளில் நான் எப்போதோ மைபோட ஆரம்பித்திருந்தேன். நாச்சியின் ஒரு கால் கறுப்பாகத் தடித்திருக்கிறது. அதை இனி அழிக்க முடியாது. அதுவும் அப்படியே இருக்கட்டும்.

படம் எடுக்க வருகிற ஞாயிறு காலை ரஹ்மத் மறுபடியும் வரும். கட்டைப் பிரித்து அதன் முன்னால் வைத்துவிட்டு, பேனாவைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருப்பேன். யாராவது கடிதங்களைப் பற்றிக் கேட்டால், எத்தனை பேர் சிரித்தாலும், அந்த மூன்று எழுத்தையும் உரக்கச் சொல்வேன். இந்தக் கடிதத்தையும் படியெடுக்கவில்லை. அடித்தல் திருத்தலோடு முதலில் எழுதிய தாளே தபாலில் போகிறது.

வந்ததை வந்தபடியே உன்னிடம் அனுப்பியிருக்க வேண்டிய,
உன் அண்ணன்