மீன் தோல் பவுடரும் நீல மூடியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், அப்பாவேதான், இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று, என் கையாலேயே. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிற வாலும் அப்படியே இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் பேனாவைப் பிடித்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் இரண்டு தடவை டீ ஆறிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகூட இதைவிடச் சீக்கிரம் அச்சாகும் என்கிறாள் அம்மா. இத்தனை வருஷம் நான் சொல்ல அவள் எழுதினாள், பாதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியும் எழுதினாள். இப்போது நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாமல் தவிக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே மூக்குக்கண்ணாடி, அது என் மூக்கில் இருக்கிறது.

அம்மாவின் முழங்காலுக்கு என்று நீ அனுப்பிய கொலாஜன் பவுடர் வந்து சேர்ந்தது. அதோடு நீயும் தினமும் அதைத்தான் குடிப்பதாக எழுதி, முகம் எப்படிப் பளபளக்கிறது பாருங்கள் என்று போட்டோவும் வைத்திருந்தாய். நீ பிறந்ததிலிருந்தே எண்ணெய் வடியும் முகம்தான், பவுடருக்குப் பேர் வாங்கிக் கொடுக்காதே. டப்பாவில் இருந்ததை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். ஆழ்கடல் மீன் தோலில் எடுத்தது, சுத்தமானது என்று போட்டிருந்தது. என்ன மீன், எங்கே பிடித்தது, யார் சோதித்தது என்று ஒரு எழுத்து இல்லை. அங்கேதான் எனக்குப் பழைய கொட்டகை ஞாபகம் வந்தது.

மீன் கம்பெனியில் தோல் உரிக்கிற கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். பீப்பாய்க்கு நீல மூடி போட்டால் அந்தத் தோல் சாப்பாட்டுக்கு, சிவப்பு மூடி போட்டால் உரத்துக்கு. பேட்டரி தொழிற்சாலைக் கழிவு கலக்கிற இடத்தில் பிடித்ததெல்லாம் சிவப்பு. சீட்டும் ஒட்டியிருப்பார்கள், எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியாதே, மூடியைப் பார்த்துத்தான் பிழைப்பு. ஒரு மழைக்காலத்தில் சிவப்பு மூடி தீர்ந்துபோனது. மூடிதானே, இருப்பதைப் போடு என்றார் மேஸ்திரி. சிவப்பு போட வேண்டிய நாலு பீப்பாய்க்கு நீல மூடியை நானே அழுத்தி மூடினேன். சீட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மறுநாள் போனால் பீப்பாய்கள் லாரி ஏறிவிட்டன, மழையில் ஊறிய சீட்டுகள் மட்டும் தரையில் ஒட்டிக் கிடந்தன. எங்கே போனதோ, யார் வயிற்றில் சேர்ந்ததோ. இத்தனை நாள் இதை உனக்கு எப்படி எழுதுவது, அம்மாவிடம் சொன்னால்தானே அவள் எழுதுவாள், அவளிடம் சொல்லவோ போனில் அவள் காதுபட உளறவோ எனக்குத் துணிவில்லை.

அதனால் டப்பா கம்பெனிக்கு, அடியில் இருந்த தயாரிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, ஈயம், பாதரசம், காட்மியம் எல்லாம் சோதித்த தாளை அனுப்புங்கள் என்று எழுதினேன். அந்தப் பெயர்களைச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். எங்கள் பொருள் முற்றிலும் இயற்கையானது என்று கடல் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. ஈயமும் இயற்கைதான் பெரியவரே என்று சிரித்தார் கடைக்காரர். எல்லா டப்பாவும் கெட்டது இல்லை, ஒழுங்கான கம்பெனி கேட்டால் தாளைக் காட்டும், காட்டாததைப் பிள்ளைத்தாய்ச்சி தொட வேண்டாம், ஈயம் தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் டப்பாவைக் காலி செய்து பால் பவுடரை நிரப்பிவிட்டேன். மூன்று வாரமாக அதைக் குடித்துவிட்டு, என் மகள் அனுப்பியதால்தான் மாடி ஏறுகிறேன் என்று எதிர்வீட்டு டெய்லரிடம் பெருமை அடிக்கிறாள். போட்டுக் கொடுத்துவிடாதே.

உன் டப்பாவரைக்கும் என் கை நீளாது, அதனால் கேட்கிறேன். இன்றைக்கே குடிப்பதை நிறுத்து. டப்பாவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு, ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேள். அநேகமாக ஒன்றும் இருக்காது, பயந்து அழுது மாப்பிள்ளையைப் படுத்தாதே. பின்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் மூடியதே இத்தனை வருஷமாக உறுத்துகிறது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன அப்பா.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். போனில் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடாதே, உன் சரிப்பாவை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறேன். நிறுத்திவிட்டேன் என்று எழுதி அனுப்பு, கிறுக்காமல் பெரிய எழுத்தாக எழுது. அது வருகிற வரைக்கும் தபால்காரருக்கு என்னிடமிருந்து விடுதலை இல்லை.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா