ஒற்றைத் தண்டவாளத்தில் ஏழு ரயில்கள்

அண்ணா,

உன் கம்ப்யூட்டர் இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அண்ணி அதை இரண்டு குளியல் துண்டுகளில் சுற்றி, சுற்றிலும் பழைய தலையணை உறைகளைத் திணித்து அனுப்பியிருந்தார். சுகர் லேண்டில் உன் வீட்டிலிருந்து இங்கே பிளெய்ன்ஸ்பரோ வரைக்கும், பாதி அமெரிக்காவைத் தாண்டி வந்ததில் ஒரு கீறல்கூட இல்லை. மேசைமேல் வைத்து ஆன் செய்தேன். உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் கடுகும் பெருங்காயமும் கருகின மிளகாயும் கலந்த தாளிப்பு வாசனை குப்பென்று வந்தது. சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில் மூன்று வருஷமாக நிறுத்தாமல் ஓடின பெட்டி, வேறு எப்படி இருக்கும். மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஸ்மெல்ஸ் லைக் மாமாஸ் ஹவுஸ்" என்றாள். அந்த நிமிஷம் வரைக்கும் உன்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

நீ போய் ஏழு மாதம். காலையில் அலுவலகத்துக்குப் போய், பார்க்கிங்கில் காரை நிறுத்தினவன் இறங்கவே இல்லை என்றார்கள். அதற்கப்புறம், இந்தப் பெட்டியில் இரவும் பகலும் ஓடுகிற, நாம் சனிக்கிழமைதோறும் சேர்ந்து ஆடின அந்த விளையாட்டுப் பக்கமே நான் போகவில்லை. சனிக்கிழமை காலையில் அதைத் திறந்தால் உன் பெயர் மூலையில் இருக்காதே என்ற பயம்தான்.

அதில் நீ என்னை இழுத்துவிட்ட கதையை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. மருந்து கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்த என்னை ஒரு வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எத்தனையோ இடங்களில் அப்ளை பண்ணியும் ஒரு பதிலும் இல்லை. தலை வாருவதைக்கூட விட்டிருந்தேன். நீ போன் செய்தாய். "பாப்பா, ஆளில்லாத ஒரு கிரகம். இரும்பு தோண்டு, உருக்கு, மெஷின் பண்ணு, அந்த மெஷினை வெச்சு இன்னும் பெரிய ஃபேக்டரி கட்டு. அவ்ளோதான் கேம். அழுதுட்டு உக்காந்திருக்கிற நேரத்துக்கு வந்து என்கூட நாலு தண்டவாளம் போடு." நாற்பத்தாறு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருந்தாய்.

இரும்புச் சுரங்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் ஒடுக்கமான ஒரு மண்திட்டு. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு தண்டவாளம் போட்டுவிடு, தலைவலி இல்லை என்றாய் நீ. ஏரியைக் கொஞ்சம் மூடினால் இடம் கிடைத்துவிடும். எனக்கு ஏதோ ஒரு வீம்பு. "ஒண்ணே போதும். அங்கங்க ஒதுங்கி நிக்க இடம் வெச்சுட்டா எதிரும் புதிருமா ஓடும்," என்றேன். "உன் ரயில், உன் இஷ்டம்," என்று விட்டுவிட்டாய்.

போட்டு முடிக்க ஆறு சனிக்கிழமை ஆயிற்று. ஒற்றைத் தண்டவாளம், நடுநடுவே ஐந்து ஒதுங்குமிடங்கள், ஏழு ரயில்கள். தாது ஏற்றிக்கொண்டு ஒன்று வரும். எதிரே காலியாகப் போகிற ரயில் ஒதுங்கி நிற்கும், வழி விட்டதும் கிளம்பும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த வருஷத்தில் நான் ஆரம்பித்து முடித்த ஒரே காரியம் அதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த உடனே கேட்பேன்: "வாரத்துல எங்கயாவது நின்னுச்சா?" நீ சொல்வாய்: "நிக்கவே இல்ல பாப்பா. நானா இருந்தா இப்படி போட்டிருக்க மாட்டேன்."

நல்லா யோசித்துச் சொன்ன வாக்கியம்தான் அது. இப்போது புரிகிறது.

அந்தத் தைரியத்தில்தான் நான் இன்டர்வியூவுக்குப் போனேன். ஒரு பெரிய கிடங்கு. லாரிகள் எந்த நேரத்துக்கு எந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. இதற்கு முன்னால் இதுமாதிரி ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் உன் தங்கை ஆயிற்றே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் ரயில் கதையைச் சொன்னேன். ஒற்றைத் தண்டவாளத்தில் ஏழு ரயில், ஒரு தடவைகூட நின்றதில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மேனேஜர் சிரித்தார். வேலை கொடுத்தார். இன்றைக்கும் புதிதாக யாராவது வந்தால், "இவங்கதான் ட்ரெயின் லேடி" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

பெட்டி வந்த அன்றைக்குத் திறந்து பார்த்தால் ஏழு ரயிலும் நின்றுகொண்டிருந்தன. ஒதுங்குமிடத்தில் ஒன்று, அது வெளியே வர வேண்டிய வழியை மறித்துக்கொண்டு எதிரே ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. எதுவும் எதற்கும் வழிவிட முடியாமல் நின்றன. வழியில் குலுங்கியதில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு ரயிலைப் பின்னால் எடுத்து விட்டேன், ஓடின. இரண்டு நாளில் மறுபடி நின்றன. மறுபடி எடுத்து விட்டேன். மூன்றாவது தடவை அண்ணிக்குப் போன் செய்தேன். நீ ஏதாவது செட்டிங் வைத்திருந்து, அது அழிந்துவிட்டதோ என்று கேட்கத்தான்.

அண்ணி சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அது எப்பவுமே நிக்கும்மா. காலையில காபியும் கையுமா உக்காந்து அதை எடுத்து விடறதுதான் உங்க அண்ணனுக்கு முதல் வேலை. 'பாப்பா ரயில் மறுபடி முட்டிக்கிட்டு நிக்குது'ன்னு என்கிட்ட வந்து சொல்லிச் சிரிப்பார். பசங்களும் 'அத்தை ட்ரெயின் ஸ்டக்கா?'ன்னு கேப்பாங்க. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது அண்ணா. உன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு வருஷம் நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது சுகர் லேண்டில் ஒரு குடும்பமே காபி குடித்துக்கொண்டே சிரித்திருக்கிறது.

போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் கார் ஓட்டப் பழகின வருஷம் நீ இங்கே வந்து பத்து நாள் தங்கியிருந்தாய். ஒவ்வொரு தடவை நான் கீழே பார்க் பண்ணிவிட்டு வந்ததும் சாவியைக் கேட்பாய், தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று இறங்கிப் போவாய். பத்து நாளும் மறந்து வைக்கிற அளவுக்கு நீ மறதிக்காரனா? மறுநாள் காலையில் பார்த்தால் கார் இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நிற்கும். எனக்கு இயல்பாகவே பார்க்கிங் வருகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் எழுதின ரெஸ்யூமே நல்லா இருக்கு என்றாய், அது? கல்யாணத்துக்கு நான் எடுத்த புடவை? நான் தைரியசாலி என்று சொன்னது? இதில் எது நிஜம் என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன். போகிறவன் இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

வேலையிலும் அந்தச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. போட்ட திட்டத்தைப் பத்து தடவை பார்க்கிறேன். மேனேஜர் "குட் ஜாப்" என்றால், பின்னால் போய் யார் சரிசெய்கிறார்கள் என்று தேடுகிறேன்.

போன சனிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். எங்கே தப்பு என்று நானே பார்த்துவிடுவது. எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டேன். ஒதுங்குமிடத்திலிருந்து ரயிலை வெளியே விடுகிற இடத்தில் நான் சாதாரண சிக்னல் வைத்திருந்தேன். முன்னால் இருக்கிற தண்டவாளம் காலியா என்று மட்டும்தான் அது பார்க்கும். அதைத் தாண்டி அடுத்த ஒதுங்குமிடத்தில் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்காது. இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அனுப்புகிற சிக்னல் ஒன்று அதே விளையாட்டில் இருக்கிறது. ஒதுங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, தண்டவாளத்தின் இரு கோடியிலும் ஒவ்வொன்று என்று பன்னிரண்டு இடத்தில் மாற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ரயிலும் நிற்கவில்லை.

இதுதான் என்னைக் கொல்கிறது. இது எனக்கு முடிகிற காரியம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். உன்னால முடியும் பாப்பா என்று வாய் ஓயாமல் சொன்னவன் நீ, ஆனால் என்னால் முடியும் என்று நீ நம்பவே இல்லை. தப்பு என்று ஒருத்தர் சொன்னால் உடைந்து போய்விடுவேன் என்றுதான் நினைத்திருக்கிறாய்.

ஆனாலும் எத்தனை நாள் கோபித்துக்கொள்வது. ரயிலும் ஓடுகிறது, தப்பையும் நானே கண்டுபிடித்தாயிற்று. உன்னை மன்னித்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, நேற்று அண்ணியைக் கூப்பிட்டேன். சிக்னலை மாற்றின கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் உம் கொட்டிக் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"அவர் போன அன்னைக்குக் காலையிலயும் அதைத்தான் பண்ணிட்டு இருந்தார்மா. தோசை ஊத்தி வெச்சுட்டுக் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம், பாப்பா ரயில் நிக்குதுன்னார். அப்புறம் டைம் ஆயிடுச்சுன்னு சாப்பிடாமலே கிளம்பிட்டார்."

அண்ணி அதைக் குறையாகச் சொல்லவில்லை. தங்கைமேல் எவ்வளவு பாசம் என்றுதான் சொன்னார்.

ஏதாவது ஒரு சனிக்கிழமை, "தப்பா போட்டிருக்கே பாப்பா" என்று நீ சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அதற்கப்புறம் பன்னிரண்டு சிக்னலையும் மாற்றியிருப்பேன். அந்தக் காலையில் எடுத்துவிட உனக்கு ஒரு ரயிலும் இருந்திருக்காது. நீ அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, சூடாக இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பாய்.