வாய்வு என்றால் வயிறு அல்ல

அனுப்புநர்:
திருமதி உலகம்மாள் சண்முகவேல்,
(காலஞ்சென்ற திரு. சண்முகவேல் அவர்களின் மனைவி)
பிள்ளையார் கோவில் தெரு,
குத்துக்கல்வலசை, தென்காசி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: பழைய சந்தைத் தெரு அரசு மருத்துவ நிலையத்தில் மூட்டு, தசை வலிக்கான சிகிச்சைப் பிரிவை மூடாதிருக்கவும், நோயாளிகள் அதைக் கண்டுபிடிக்க வழிசெய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலையத்தில் மூட்டு, தசை வலிக்குப் பயிற்சிகள் மூலம் சிகிச்சை தரும் பிரிவு ஒன்று உள்ளது. நோயாளிகள் வருகை குறைவு என்பதால் அது இம்மாத இறுதியில் மூடப்படும் என்றும், சிகிச்சையாளர் திரு. ஜஸ்டின் வேறு ஊருக்கு மாற்றப்படுவார் என்றும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வருகை குறைவு என்பதை மறுக்கவில்லை. வரவேண்டியவர்கள் அனைவரும் எதிர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

2. என் முழங்காலுக்காக நான் அங்கே சென்றேன். பதிவு மேசையில், வலது முழங்கால் மூட்டில் வலி இருக்கிறது என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். பாளையங்கோட்டை கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எங்களை அரை வாக்கியம் பேச விட்டதில்லை. உடனே ஜஸ்டினிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் நாற்காலிகள் எல்லாம் காலி. எதிரே வயிற்று நோய்க்கான வரிசையோ சைக்கிள் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. வயிற்று நோயாளிகள் இத்தனை பேர் நொண்டி நான் பார்த்ததில்லை.

3. விசாரித்ததில், காரணம் ஒரே ஒரு சொல் என்று தெரிந்தது. நம் பக்கத்தில் கழுத்துப் பிடிப்பு முதல் குதிகால் வலி வரை எல்லாமே "வாய்வு". இடுப்பு, தொடை என்று இடத்தைச் சொல்வதற்கு, பின்னால் ஆண்கள் நிற்கும்போது பெண்களுக்குக் கூச்சம். வாய்வு என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மேசையில் இருக்கும் செல்வி வேல்விழி சென்னையில் வளர்ந்தவர். வாய்வு என்றால் வயிறு என்று அந்தப் பக்கம் சீட்டு எழுதிவிடுகிறார். அங்கே கூட்ட நெரிசலில் சீட்டைப் பார்த்தே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். வேல்விழி மீது எனக்குப் புகார் இல்லை. எல்லோரிடமும் கனிவாகவே பேசுகிறார்.

4. அந்த வரிசையின் கடைசியில் நின்றவர் திருமதி ஜாஹிரா பீவி. தையல் வேலை செய்பவர். வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. முக்காட்டைக்கூட மகள் ஹஸீபாதான் சரிசெய்து விடுகிறாள். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் போய் அருவிக்குத் தோளைக் கொடுத்து நின்றிருக்கிறார். ஜலதோஷம்தான் பிடித்தது. மாத்திரையாவது கேட்டதா என்று விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், நடைக்கு மன்னிக்கவும்:

"கைல வாய்வு இறங்கிட்டு, ஆச்சி. மாத்திரை திங்குதேன், ஏப்பம் நல்லா வருது. கைதான் மேல வரமாட்டேங்கு."

5. அவரை நானே ஜஸ்டினிடம் அழைத்துச் சென்றேன். தோள் மூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி, சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இப்போது கை தோள் உயரம் வருகிறது. விடாமல் வந்தால் தலைக்கு மேலும் போகும் என்கிறார். பிரிவை மூடினால் ஜாஹிரா பீவி இரண்டு பேருந்து மாறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கவே அந்தக் கைதான் வேண்டும்.

6. கதவில் உள்ள பலகையும் உதவவில்லை. "இயன்முறை சிகிச்சைப் பிரிவு" என்கிறது. பள்ளியில் தமிழுக்கு முதல் பரிசு வாங்கிய நானே இரண்டு முறை வாசித்தேன். பண்பொழியிலிருந்து இடுப்பு வலிக்காக வந்த திரு. மாடன், அதை இயற்கை வைத்தியம் என்று எண்ணி உள்ளே போய்க் கஷாயம் கேட்டார். கஷாயம் கிடையாது என்றதும் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தப்பித் தவறிச் சரியான அறைக்குள் நுழைந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே, மூடும் உத்தரவை நிறுத்திவைக்குமாறு முதலில் வேண்டுகிறேன். அடுத்து, பலகையில் "மூட்டு வலி, இடுப்பு வலி, சுளுக்கு, வாய்வுப் பிடிப்பு" என்று மக்கள் பேசும் சொற்களிலேயே எழுதச் செய்யவும். எழுதுமுன் என்னிடம் காட்டினால் ஒற்றுப்பிழை பார்த்துத் தருவேன். பதிவு மேசையில் மனித உடலின் படம் ஒன்றையும் வைக்கலாம். வலிக்கும் இடத்தில் விரலை வைத்தால் போதும். யாரும் எதையும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. வேல்விழியிடம் கேட்டேன். படத்தைத் தானே வரைந்து தருவதாகவும், உத்தரவு மட்டும் மேலிருந்து வரவேண்டும் என்றும் சொன்னார்.

இம்மனுவைத் தங்களிடம் தருபவர் ஜாஹிரா பீவி. வலது கையால்தான் தருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். தங்கள் மேசை வரை அந்தக் கை வந்துவிடும். அதற்கு மேல் உயர்வது தங்கள் உத்தரவில் இருக்கிறது.

நம்பிக்கையுடன்,
(ஒப்பம்) உலகம்மாள் சண்முகவேல்

இடம்: தென்காசி
நாள்: 12.08.2024