ஏரி வடிந்த ஊர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தைத் தூர் வாருகிறார்கள். நேற்றிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்கிறார்கள். தெரு முழுக்கச் சேற்று வாடை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். உட்கார முடியவில்லையடி. சரி, உன்னிடமே பேசித் தொலைக்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். நீ போய் வருடம் திரும்பப் போகிறது.

இந்த வாடையை நான் முதலில் முகர்ந்தது உன் ஊரில். காரைக்காலைச் சொல்லவில்லை. அதை நீ ஊர் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. உன் அப்பா அணைக்கட்டு வேலைக்குப் போன, நீ சின்னப் பெண்ணாக ஓடித்திரிந்த அந்தப் பிரெஞ்சு மலைக் கிராமம். எண்பதுகளில் இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் நாம் ஒரே லேபில் வேலை பார்த்தபோது, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு அந்த ஊரையும் திறந்து வைப்பாய்.

நடுவில் ஆறு. இந்தக் கரை வெயில் பக்கம், அந்தக் கரை நிழல் பக்கம். நல்ல மண்ணை வீணாக்கக் கூடாதென்று வீடும் தோட்டமும் வெயில் பக்கம் வைத்து, சர்ச், கல்லறை இரண்டையும் நிழல் பக்கம் தள்ளிவிட்டார்களாம். ஊருக்கெல்லாம் ஒரே ரொட்டி அடுப்பு. ரொட்டி வெந்து முடிந்ததும் மிச்சச் சூட்டில் உன் அம்மா மீன் குழம்புச் சட்டியை உள்ளே தள்ளுவார்களாம். முதலில் மூக்கைப் பொத்திய சனம் பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு வரிசையில் நின்றதாம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபார்ட்மென்ட் பார்க்கப் போனபோதுகூட, "இது வெயில் பக்கமா?" என்று கேட்டு அந்த ஏஜெண்டைத் திருதிருவென்று முழிக்க வைத்தவள் நீ.

அம்மா அங்கேயே நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டார்கள். குளிர் தாங்காத மனுஷியை நிழல் பக்கம் புதைத்தார்கள். அடுத்து அணை எழும்பியது, ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். கேட்க ஆள் இருந்த கல்லறைகளை மேலே மலையில் கட்டிய புது ஊருக்கு மாற்றினார்கள். ஆள் இல்லாதவற்றின் மேல் சிமென்ட்டைக் கொட்டி மூடிவிட்டுத் தண்ணீரை விட்டார்கள். அதற்கு முன்பே உன்னை அத்தை வீட்டுக்கு, காரைக்காலுக்கு, அனுப்பிவிட்டார் அப்பா. பிறகு அவரும் வந்தார். "அம்மாவை மேல மாத்தியாச்சும்மா" என்றார். சில மாதத்தில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நீ நம்பவில்லை.

அணையைச் சோதிக்கப் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏரியை வடிப்பார்கள், மூழ்கிய ஊர் வெளியே வரும் என்று நீ சொன்னபோது கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு வருடம் உன் பள்ளித் தோழி அங்கிருந்து போன் செய்தாள். ஏரி வடிகிறது, மழைக்கு முன் மறுபடி நிரப்பிவிடுவார்கள். மேலே கல்லறையில் தேடினாளாம், உன் அம்மா பேர் எங்கேயும் இல்லையாம்.

அவ்வளவுதான், உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. உன் கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் எல்லாம் போச்சு என்றார் வக்கீல். என் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாய். ஃபிரிட்ஜைத் திறப்பாய், ஒன்றும் எடுக்காமல் மூடுவாய்.

"சும்மா உக்காருடி, தலை சுத்துது எனக்கு. செத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க. கிரீன் கார்டு போயிடும்."

"அதான்டி பயமா இருக்கு. எங்கயும் போகாம அந்தத் தண்ணிக்கடியிலயே கிடந்தா?"

"நான் லீவுக்கு மெட்ராஸ் போறேன்ல, பாரிஸ்ல ரெண்டு நாள் பிரேக் பண்ணிக்கறேன். நான் பாத்துட்டு வரேன். நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்றேன். என் வீட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரயில், பிறகு பஸ், பிறகு நடை. வெடித்த சேற்றுக்கு நடுவே உன் ஊர் கிடந்தது. கூரை இல்லை, இடுப்பளவுச் சுவர்கள்தான். ஆனால் நீ சொன்னபடியே எல்லாம் இருந்தது. ரொட்டி அடுப்பின் வாய், கல் பாலம், அடியோடு வெட்டிய வால்நட் மரங்கள். பாலம் தாண்டி நிழல் பக்கம் போனேன். பாசி பிடித்த ஒரே பெரிய சிமென்ட் பலகை. அதன் மேல் கொண்டுபோன பூவை வைத்துவிட்டு அழுதேன். உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அழுதேன்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் மேலே புதுக் கல்லறைக்கும் ஏறினேன். கடைசி வரிசையில், சுவரோரம், ஒரு சின்னக் கல். அதில் பிரெஞ்சு எழுத்தே இல்லை. கோணல்மாணலாக வெட்டிய தமிழ். உன் அம்மா பேர். அதன் கீழே, "வெயில் பக்கம்."

போஸ்ட் ஆபீஸ் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "மேலதான்டி இருக்காங்க! தமிழ்ல எழுதியிருக்கு, அதான் உன் தோழிக்குத் தெரியல" என்று கத்தினேன். கல்லில் இருந்ததைச் சொன்னேன். நீ துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்தேன்.

"அது யாரு எழுத்துடி?" என்றாய்.

"இந்த மலையில தமிழ் எழுத வேற யாரு இருக்கா?"

"அப்பா சாவுக்குக்கூட நான் போகலையேடி."

நல்ல சேதி சொன்ன வாயோடு நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னைக் கட்டிக்கொள்ள முடியாத தூரத்தில் இருந்தேனே என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

கார்டு வந்ததும் நீயே போய்ப் பார்த்தாய். அப்படியும் அடங்கினாயா? லேபில் வேலைக்கு நடுவே வந்து நிற்பாய். "அந்த எழுத்து ஆழமா வெட்டியிருந்துச்சுல்ல? ஒரு நாள்ல வெட்டியிருக்க முடியாதுல்ல?" "நீதான் நேர்ல பாத்தியே" என்பேன். "நீ சொல்லு" என்பாய். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள சர்ச்சில் பேர் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அதுவரை அம்மா பேர் மட்டும்தானாம். அன்று அப்பா பேரை இரண்டு தடவை சொன்னாய். எழுதுகிற பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு இந்த வருஷத்துக்கு, ஒண்ணு கொடுக்காம விட்ட வருஷத்துக்கு" என்று என் காதில் சொன்னாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் அப்படித்தான்.

போன நவம்பர் நான் தனியாகப் போனேன். நெற்றியில் பொட்டோடு போய் நின்ற என்னை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. உன் பேர் ஒரு தடவை, உன் அம்மா பேர் ஒரு தடவை, உன் அப்பா பேர் இரண்டு தடவை கொடுத்தேன். இந்த வருடமும் கொடுப்பேன். விட்ட வருஷம் இன்னும் எத்தனை பாக்கி என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையேடி.