நாலரை நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. உன் மாமாவுக்கு ஆலையில் அடிபட்டது என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். நீ பதறுவாய் என்று குறைத்துச் சொன்னாள். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டதம்மா. இதைப் போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன மாதம் உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, என் ஷிப்டில் இருபது நாளாக அரவை நிற்கவே இல்லை என்று. நின்றதுதான், கணக்கில் எழுதவில்லை. புது மேனேஜர் வந்ததும் வாசலில் ஒரு பலகை மாட்டினார், எந்த ஷிப்டில் எத்தனை நிமிடம் நின்றது என்று தினமும் அதில் ஏறும். அரவை நின்றால் வெட்டின கரும்பு முற்றத்தில் காயும், காயக் காயச் சர்க்கரை குறையும், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி ஓடிவிட்டால் கணக்கில்லை என்றும் சொன்னார், நாங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். உருளையில் கரும்பு அடைத்தால் மாமா கடப்பாரையோடு உள்ளே போவான், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுவிட்ச் பக்கம் நிற்பேன். அங்கிருந்து அவன் தெரியமாட்டான், வெளியே வந்து இரும்புத் தூணில் மூன்று தட்டு தட்டுவான், அப்புறம்தான் ஓட விடுவேன். அன்றைக்கு நாலரை நிமிடம் ஆகிவிட்டது. தட்டும் சத்தம் கேட்கவில்லை. இந்த இரைச்சலில் நமக்குத்தான் கேட்கவில்லை என்று நானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மாமா, உருளை ஓடும்போது தானே அவசரப்பட்டுக் கையை விட்டதாகச் சொல்லியிருக்கிறான். ஏண்டா இப்படி என்று கேட்டேன். எனக்குப் போனது போயிடுச்சு அத்தான், உங்களையும் வேலையை விட்டுத் தூக்கிட்டா அக்கா என்ன பண்ணும் என்றான். தப்பு அவன் மேல் என்று முடிந்தால் ஆலை அவனைக் கைகழுவிவிடும், அது அவனுக்கும் தெரியும். மூன்று நாள் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், வெட்கக்கேடு. நாளைக் காலை பத்து மணிக்கு அவர்களிடம் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். வேலை போகும், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும்.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தன் தம்பிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கிறாள், இதை ஒட்டியதும் அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் மாமாவுக்குப் போன் செய், இடது கை இன்னும் பழகவில்லை, எடுக்க நேரமாகும், வைத்துவிடாதே. அம்மா உன்னிடம் என்னைத் திட்டி அழுதால் அழவிடு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே.

இப்படிக்கு,
உன் அப்பா