பல் பதிந்த ரொட்டி

மார்கிலான்,
3 மார்ச் 1986

எர்காஷ் அவர்களுக்கு நிகோரா எழுதுவது. நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டும்.

கதை வந்து சேர்ந்தது. எழுதப் போகிறேன் என்று தாஷ்கண்டில் தனியறை பிடித்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் முதல் வாசகி நான்தானாம். உங்களோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளை ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி, அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை சுவரில் தொங்கும். நம் ஊர் வழக்கம் அவ்வளவுதானே? உங்கள் ரொட்டி பேசுகிறது, ஒளி விடுகிறது, ஆறாம் பக்கத்தில் பறக்கவும் செய்கிறது. எல்லாம் செய்கிற ரொட்டிக்காக எவன் பயப்படுவான்? ஒரே ஒரு சக்தி கொடுங்கள். அது தொங்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் அந்த ரொட்டிக்கே ஓர் ஆபத்து வரட்டும்.

"பாத்து எழுதணும், ஒரு வாரம் குடு" என்று நம் மகன் தோனியோரின் ரொட்டியை நீங்கள் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. ஆப்கன் சண்டைக்குப் போன பிள்ளையிடமிருந்து நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. வெற்று ஆணியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே அனுப்புங்கள்.

நிகோரா

தாஷ்கண்ட்,
17 மார்ச்

அன்புள்ள நிகோரா,

கோபப்படாதே. நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். இப்போது ரொட்டி பறப்பதில்லை, கதை எழுதுகிற தகப்பனின் மேசைமேல் கிடக்கிறது. அறை பெருக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதை நொறுக்கிவிடுகிறாள். "காஞ்ச ரொட்டியக் குப்பைல போடலாமாண்ணே? குருவிக்குப் போட்டேன், நன்மைதானே" என்கிறாள். அவளை எப்படித் திட்டுவது? நம்மில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தகப்பன் புது ரொட்டி வாங்கி, தானே கடித்து, வெயிலில் காயவைத்துத் தாய்க்கு அனுப்புகிறான். வாசகர்கள் அவனை மன்னிப்பார்களா? அதுதான் பிடிபடவில்லை.

தோனியோரின் ரொட்டியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்திரம்.

உன் எர்காஷ்

மார்கிலான்,
29 மார்ச்

எர்காஷ் அவர்களுக்கு,

ரொட்டி கிடைத்தது. கதையும் படித்தேன். நீங்கள் இதுவரை எழுதியதில் பொய்யே இல்லாத கதை இதுதான். அதனால்தான் ரொட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தோனியோருக்கு முன்பல் பாதி உடைந்தது என்பதுகூடவா மறந்துவிட்டது? இதில் முழுப் பல்வரிசை பதிந்திருக்கிறது.

"படுபாவி மனுஷா" என்று வாய்விட்டே கத்தினேன். ரொட்டியாகப் போயிற்று, வேறெதுவானாலும் தூக்கி எறிந்திருப்பேன். பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு பதறுகிறது. இனிமேல் தனியாகப் பதற என்னால் ஆகாது.

வாசகர்கள் மன்னிப்பார்களோ என்னவோ, நான் மன்னிக்கவில்லை. ஆனால் ரொட்டியை ஆணியில் மாட்டிவிட்டேன். கடித்தவர்தானே வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து சேருங்கள்.

நிகோரா